ரோட்டர் முள்ளைப் பார்க்காத 20 வினாடி

ரன்வேயின் அந்தக் கடைசியில் இரண்டு மான்கள் வந்து நின்றன.

நான்கு வருடத்துக்கு முன்னால், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. கிழக்கு இங்கிலாந்தில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்னப் புல்தளம் அது. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது, எப்போது புறப்படுவது என்பதை விமானிதான் முடிவு செய்ய வேண்டும். நான் ஜைரோபிளேனில் தனியாக உட்கார்ந்திருந்தேன். லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம், மொத்தம் 70 மணி நேரம் பறந்திருந்தேன். தலைக்கு மேலே ரோட்டர், அதாவது ஹெலிகாப்டரில் இருப்பதுபோன்ற சுழலும் இறக்கை, நிமிடத்துக்கு 200 சுற்று ஓடிக்கொண்டிருந்தது. புறப்பட வேண்டியதுதான் பாக்கி.

மான்கள் நின்று என்னைப் பார்த்தன. ஒன்று நடந்தது, இன்னொன்று திரும்பிப் போவதுபோல் போய் மறுபடி வந்தது. சரி, போகட்டும் என்று பிரேக்கைப் பிடித்தபடி காத்திருந்தேன். 20 வினாடி இருக்கும். இரண்டும் வேலிக்குள் நுழைந்ததும் ரோட்டரைச் சாய்க்கும் கைப்பிடியான ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்து, பிரேக்கை விட்டு, இன்ஜினுக்கு வேகம் கொடுக்கும் த்ராட்டிலை ஒரேயடியாகத் திறந்தேன்.

வண்டி நன்றாகவே வேகம் எடுத்தது. அப்புறம் ஸ்டிக் என் உள்ளங்கையை அடிக்க ஆரம்பித்தது. முதலில் லேசான தட்டல். அரை வினாடியில் யாரோ மறுமுனையில் சுத்தியலால் போடுவதுபோல முன்னும் பின்னும் இடித்தது. நான் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அதுதான் செய்யக்கூடாதது. பின்னால் ‘டமார்’ என்று ஒரு சத்தம். மூக்கு இடப்பக்கம் வெட்டியது, வானம் பக்கவாட்டில் போயிற்று, முகத்துக்கு நேரே பச்சைப் புல் வந்தது.

எல்லாம் நின்றபோது வலது பக்கமாகச் சாய்ந்து, பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வாசனை. ஹெல்மெட்டின் கண்ணாடிக்குள் ஈர மண். மெயின் சுவிட்சை அணைத்தேன், பெட்ரோல் வால்வை மூடினேன், பெல்ட்டைக் கழற்றும் முன் ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். தலைகீழாகவோ பக்கவாட்டிலோ தொங்கும்போது கையை ஊன்றாமல் பெல்ட்டைக் கழற்றினால் கழுத்தோடு விழுவோம் என்று பயிற்சியின் முதல் வாரத்தில் சொன்னது எப்படியோ ஞாபகம் வந்தது. ஒரு மணிக்கட்டு எலும்பு விரிசல், தோளில் பெல்ட் பதிந்த கருநீலத் தடம். அவ்வளவோடு போயிற்று. வண்டிதான் போய்விட்டது.

என்ன நடந்தது என்பதை இருக்கைக்குப் பின்னால் பொருத்தியிருந்த சின்ன கேமரா காட்டிக்கொடுத்தது. என் தோளுக்கு மேலாக மீட்டர் பலகை தெரியும்படி அதை வைத்திருந்தேன். மான்கள் நடந்த 20 வினாடியில் ரோட்டர் முள் 200-லிருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வருகிறது. நான் பிரேக்கை விட்டபோது முள் 110-ல் நிற்கிறது. அந்த நேரம் முழுக்க என் ஹெல்மெட் ஒரு முறைகூடக் கீழே குனியவில்லை.

ஜைரோபிளேனைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெலிகாப்டர் மாதிரிதான் இருக்கும், ஆனால் பறக்கும்போது மேலே சுற்றும் ரோட்டரை இன்ஜின் சுற்றுவதில்லை. புறப்படும் முன் தரையில் மட்டும் கொஞ்சம் சுற்றிவிட்டு விலகிக்கொள்ளும். அதற்குப் பிறகு வண்டி ஓடாமல் நின்றால் சுற்று குறைந்துகொண்டே வரும். இன்ஜின் பின்னால் இருக்கிற ப்ரொப்பெல்லரைச் சுற்றி வண்டியை முன்னால் தள்ளும். வண்டி ஓட ஓட, சற்றே பின்னால் சாய்ந்திருக்கும் ரோட்டருக்குள் காற்று அடியிலிருந்து மேலே புகுந்து அதைச் சுற்றும். சின்ன வயதில் பனையோலைக் காற்றாடியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடியிருப்போமே, அதே கதைதான். ஆகாயத்தில் இன்ஜின் நின்றாலும் வண்டி கீழே இறங்கும்போது காற்று அடியிலிருந்து வந்துகொண்டே இருப்பதால் ரோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சின்ன வயலில் மெதுவாக இறக்கிவிடலாம். சாதாரண விமானம்போல இது ‘ஸ்டால்’ ஆகாது, அதாவது வேகம் குறைந்ததும் இறக்கையின் தூக்கல் சட்டென்று போய் விழாது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது உண்மையும்கூட. ஆனால் இந்த உண்மையைக் கேட்டுக்கேட்டு, ஜைரோ பாதுகாப்பானது என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. ரோட்டர் வேகமாகச் சுற்றுகிறது, அதன்மேல் வண்டியின் எடை தொங்குகிறது என்ற இரண்டும் இருக்கும்வரைதான் அந்தப் பாதுகாப்பு. நான் படித்த விபத்து அறிக்கைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போன கதைகள்தான்.

என் விஷயத்தில் இல்லாமல் போனது முதலாவது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றாகப் புரியும். என் ரோட்டரின் குறுக்களவு 8.4 மீட்டர். பறக்கும்போது சுமார் 350 சுற்று ஓடும், அப்போது பிளேடின் நுனி வினாடிக்கு 150 மீட்டருக்குமேல் போகிறது. 110 சுற்றில் அதே நுனி 48 மீட்டர்தான் போகும். பிளேடின் பாதி நீளத்தில் 24 மீட்டர். வண்டி மணிக்கு 30 மைலில், அதாவது வினாடிக்கு 13 மீட்டரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வீசி வரும் பிளேடுக்கு இந்த 13 கூடும், அந்தப் பாதி இடத்தில் 37. பின்னால் போகும் பிளேடுக்கு 13 கழியும், மிச்சம் 11. ஒரு பக்கம் பிளேடு துள்ளி எழுகிறது, மறுபக்கம் தாங்க ஆளில்லாமல் தொப்பென்று விழுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படியே. இதைத்தான் பிளேடு ஃப்ளாப் என்கிறோம். என் கையை அடித்த சுத்தியல் அதுதான். அடுத்த கட்டமாகப் பிளேடு பின்னால் வால் துடுப்புவரை இறங்கி அதை வெட்டியது.

இந்தக் கூடுதல் குறைச்சல் ஜைரோ பிறந்த காலத்திலிருந்தே கூட வருகிற பிரச்சினை. ஸ்பெயின் பொறியாளர் ஹுவான் டி லா சியர்வா, தான் வடிவமைத்த விமானம் ஒன்று 1919-ல் ஸ்டால் ஆகி விழுந்ததைப் பார்த்துவிட்டு, ஸ்டாலே ஆகாத ஒன்றைச் செய்யக் கிளம்பினார். அவருடைய முதல் ஆட்டோஜைரோக்கள் தரையை விட்டு எழுவதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தன. காரணம் இதே கணக்கு. பிளேடின் அடியில் ஒரு கீல் வைத்து, ஏறுகிற பிளேடை ஏறவும் இறங்குகிறதை இறங்கவும் விட்டால் இரண்டு பக்கத் தூக்கலும் சமமாகும் என்று கண்டுபிடித்தார். 1923 ஜனவரியில் மாட்ரிட் பக்கத்தில் அவருடைய சி.4 பறந்தது. இன்றைய சின்ன ஜைரோக்களில் இரண்டு பிளேடும் ஒரே பலகையாக, நடுவில் ஊஞ்சல் பலகை மாதிரி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு எல்லை உண்டு. ரோட்டர் வேகமாக இருந்தால் அந்த எல்லையை நெருங்கவே நெருங்காது. மெதுவாக இருக்கும்போது வண்டியை ஓடவிட்டால் எல்லையில் போய் முட்டும். ஸ்டாலை ஒழிக்கத் தன் வாழ்நாளைக் கொடுத்த சியர்வா, 1936 டிசம்பரில் லண்டன் க்ராய்டனில் பனிமூட்டத்தில் புறப்பட்ட ஒரு சாதாரண பயணி விமானத்தில் பயணியாகப் போய் இறந்தார். படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

ஸ்டிக் தட்ட ஆரம்பித்த அந்த முதல் அரை வினாடியில் என்ன செய்திருக்க வேண்டும்? த்ராட்டிலை மூடி, ஸ்டிக்கை முன்னால் விட்டு, ரோட்டரைச் சமமாகப் படுக்கவைத்து, வண்டியை மெதுவாக நிறுத்தியிருக்க வேண்டும். பிளேடுக்குள் புகும் காற்று குறைந்தால் தட்டலும் அடங்கும். ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்து அடக்க முடியாது. மனிதக் கைக்கு அந்த வலு கிடையாது.

இதே விபத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. இன்ஜின் துணையோடு ரோட்டரைச் சுற்றிவிடும்போது ஸ்டிக் முன்னால் இருக்கும். அதைப் பின்னால் இழுக்க மறந்து பிரேக்கை விட்டால் ரோட்டர் தட்டையாகவே கிடக்கும். காற்று புகாது, சுற்று ஏறாது, வண்டி மட்டும் வேகம் எடுக்கும். கடைசியில் ஞாபகம் வந்து வெடுக்கென்று இழுத்தால் நான் பார்த்ததைத்தான் அவர்களும் பார்ப்பார்கள். நல்ல அனுபவசாலிகளே இதைச் செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் யாராவது பேச்சுக் கொடுத்தபோது, அல்லது ரேடியோவில் குறுக்கே ஒரு குரல் வந்தபோது.

அதனால் நான் இப்போது வைத்திருக்கும் வழக்கம் இது. புறப்படும் வரிசை எந்த இடத்தில் தடைபட்டாலும், எத்தனை வினாடியானாலும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ‘விட்ட இடத்திலிருந்து தொடரலாம்’ என்பது கிடையாது. பிரேக்கை விடும் முன் ரோட்டர் எண்ணை வாய்விட்டுச் சொல்வேன். வாய் சொல்ல வேண்டுமானால் கண் பார்த்தாக வேண்டும். ரோட்டர் ஏற ஏறத்தான் த்ராட்டில். பின்னால் இன்னொரு விமானம் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

விபத்து விசாரணைப் பிரிவுக்கு நான் ஒளிக்காமல் எழுதிக்கொடுத்தேன். இங்கே சின்ன விபத்துகளுக்கு விமானியே படிவம் நிரப்பி அனுப்பும் முறை உண்டு. அதைச் சுருக்கி, பெயர் இல்லாமல் வெளியிடுவார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கை கட்டோடு வீட்டில் இருந்த ஆறு வாரமும் அந்த அறிக்கைகளைத்தான் படித்தேன். விபத்துக்கு முன்னால் படித்திருக்க வேண்டியவை அவை.

அவற்றில் மனிதர்கள் எழுந்து நடந்து வந்த கதைகள் நிறைய. பெரும்பாலும் தரையோடு தரையாக நடந்தவை. மூக்கை மணிக்கு 30 மைலிலேயே தூக்கி, வேகம் சேரும் முன் ஏறப் பார்த்தவர்கள் உண்டு. ஜைரோ அந்த வேகத்தில் தரையை விட்டு எழும், ஆனால் இழுவை அத்தனை பெரிதாக இருப்பதால் முழு சக்தியிலும் மேலே ஏறாது. தத்தளித்து ஒரு பக்கமாக விழும். சக்கரம் எழுந்ததும் தரையை ஒட்டியே ஓடவிட்டு, 60 மைல் தொட்ட பிறகுதான் ஏற வேண்டும். இறங்கிய பிறகு கவிழ்ந்தவர்களும் உண்டு. சக்கரம் தரையைத் தொட்டதும் பறப்பது முடிந்துவிட்டது என்று நினைத்துச் சட்டென்று திரும்புவார்கள், தலைக்கு மேலே ரோட்டர் இன்னும் முழு வேகத்தில் தூக்கிக்கொண்டிருக்கும். என் இன்ஸ்ட்ரக்டர் அறுபதைத் தாண்டியவர், அவர் சொல்வார்: “ரோட்டர் நிற்கிறவரை நீ பறந்துகொண்டுதான் இருக்கிறாய்.”

எழுந்து வராதவர்களின் கதை வேறு மாதிரி. அங்கே இல்லாமல் போனது இரண்டாவது விஷயம், ரோட்டரின்மேல் தொங்கும் எடை.

சாதாரண விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் ரத்தத்தில் ஊறியிருக்கும். வேகம் குறைந்தால், மூக்கு தூக்கினால், ஸ்டிக்கை முன்னால் தள்ளு. அவர்களைக் காப்பாற்றும் பழக்கம் அது. ஜைரோவில் ஸ்டிக்கை மெதுவாக முன்னால் விடலாம், ஆனால் வெடுக்கென்று தள்ளக்கூடாது. தள்ளினால், வேகத்தடையில் கார் ஏறி இறங்கும்போது வயிறு லேசாகிறதே, அப்படி முழு வண்டியும் ஒரு கணம் எடை இழக்கும். ரோட்டர் சுமை இழந்து வேகம் குறையும். அதற்குள் இன்னொன்று நடந்துவிடும். பின்னால் ப்ரொப்பெல்லர் தள்ளுகிற கோடு வண்டியின் எடை மையத்துக்கு மேலே இருந்தால், அந்தத் தள்ளல் எப்போதும் மூக்கைக் கீழே அமுக்கிக்கொண்டே இருக்கும். ரோட்டரின் இழுப்புதான் அதைச் சரிக்கட்டி வைத்திருந்தது. ரோட்டர் கைவிட்டதும் இன்ஜின் வண்டியை முன்பக்கமாகக் குப்புறத் தள்ளிவிடும். ஒரு வினாடி ஆகலாம். ரோட்டர் வாலில் அடிக்கும். அதற்குப் பிறகு விமானி செய்ய ஒன்றும் இல்லை. உயரம் இருந்தும் பயனில்லை.

அதே வண்டிகளில் இன்னொரு பொறி, மூக்கு மேலும் கீழும் ஆடும் ஆட்டம். மூக்கு ஏறுகிறது, விமானி திருத்துகிறார், அவர் கை ஒரு நொடி தாமதம். அதற்குள் மூக்கு இறங்கத் தொடங்கியிருக்கும், அவர் திருத்தம் அதை இன்னும் கீழே தள்ளும். ஒவ்வொரு திருத்தமும் ஆட்டத்தைப் பெரிதாக்கும். வேகமாகப் போகும்போது, காற்று முரண்டும் நாளில் இது சட்டென்று பிடித்துக்கொள்ளும். வழி ஒன்றுதான். த்ராட்டிலைக் குறை, ஸ்டிக்கை அசைக்காமல் பிடி, வண்டியே அடங்கும்வரை பொறு. கேட்க எளிது. நான்காவது பாடத்தில் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போதே லேசாக இந்த ஆட்டம் எனக்கு வந்தது. சும்மா இருப்பதுதான் எத்தனை கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.

1950-களில் அமெரிக்காவில் இகோர் பென்சன் வீட்டிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய ஒற்றை இருக்கை ஜைரோவைக் கொண்டுவந்தபோது ஆயிரக்கணக்கானோருக்குப் பறக்கும் ஆசை வந்தது. ஆனால் ஒரே இருக்கை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் ஏற இடமில்லை. பலர் தாங்களே தட்டுத்தடுமாறிக் கற்றார்கள், பலர் அதிலேயே போனார்கள். பின்னாளில் பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் செய்த ஆய்வு, வண்டி நிலையாக இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் அந்தத் தள்ளும் கோட்டுக்கும் எடை மையத்துக்கும் நடுவே உள்ள உயர வித்தியாசத்தைப் பொறுத்தது என்று காட்டியது. அந்த வித்தியாசம் 2 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து வந்த அளவு. அதற்குள் வராத பழைய ஒற்றை இருக்கை வண்டிகளுக்கு இங்கே காற்றிலும் வேகத்திலும் கட்டுப்பாடு போட்டார்கள். இன்று ஐரோப்பாவில் தயாராகும் இரட்டை இருக்கை ஜைரோக்கள் இதை மனசில் வைத்துத்தான், பெரிய கிடைமட்ட வாலோடு வருகின்றன. நான் கவிழ்த்ததும் அப்படிப்பட்ட நல்ல வண்டிதான். குற்றம் அதன்மேல் இல்லை.

சின்ன விஷயம் ஒன்று, யாரையாவது கூட ஏற்றும் முன் நான் கட்டாயம் பார்ப்பது. திறந்த ஜைரோவில் ப்ரொப்பெல்லர் நம் முதுகுக்குப் பின்னால் சுற்றுகிறது. கையிலிருந்து நழுவும் எதுவும் நேராக அதற்குள்தான் போகும். ஃபோன், கையுறை, தொப்பி, துப்பட்டா எதுவானாலும். ஜிப் இல்லாத பையில் இருப்பதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கீழேயே வைத்துவிட்டு வரச் சொல்வேன். என் மனைவிக்கும் அதே சட்டம்தான்.

போன வருடம் கனடாவிலிருந்து என் கல்லூரி நண்பன் கூப்பிட்டான். செஸ்னாவில் 300 மணி நேரம் ஓட்டியவன். யாரோ பழைய ஒற்றை இருக்கை ஜைரோ ஒன்றை மலிவாக விற்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டான்.

“பயிற்சி?” என்றேன்.

“300 மணி நேரம் பிளேன் ஓட்டியிருக்கேன்டா. மெதுவா ஓடவிட்டு நானே பழகிக்குவேன்.”

படம் அனுப்பச் சொன்னேன். உயரமாக வைத்த இன்ஜின், தாழ்வான இருக்கை, கிடைமட்ட வால் அறவே இல்லை. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. வாங்குவது உன் இஷ்டம், ஆனால் அதற்கு முன் அளந்து பார் என்றேன். நீ இருக்கையில் உட்கார்ந்திருக்க, டாங்கியில் பெட்ரோல் இருக்க, வண்டியை ரோட்டர் தலையிலிருந்து தொங்கவிட வேண்டும். அந்தத் தொங்கும் புள்ளியிலிருந்து எடை கட்டிய நூல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்கு நேராக வண்டியின் பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும். அப்புறம் வேறொரு புள்ளியிலிருந்து தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் எடை மையம். ப்ரொப்பெல்லரின் நடு அச்சு அதற்கு எத்தனை அங்குலம் மேலே போகிறது என்று பார்.

விற்பவர் நல்ல மனிதர், தன் கொட்டகையில் தொங்கவிட ஒத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அளந்தார்கள். 9 அங்குலம் வந்தது. அவர் விலையைக் குறைத்தும் நண்பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். இரண்டு மாதம் கழித்து, மூன்று மணி நேரத் தொலைவில் இரட்டை இருக்கை ஜைரோவில் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பெயர் கொடுத்தான்.

முதல் பாடம் முடிந்த இரவு ஃபோன் வந்தது. வழக்கமாகக் கத்திப் பேசுகிறவன், குரல் தாழ்ந்திருந்தது.

“வேகம் குறைஞ்சதும் கை தானா முன்னாடி போச்சுடா. நான் நினைக்கவே இல்ல, அதுவா போச்சு. அவர் ஸ்டிக்கைப் பிடிச்சு வெச்சிருந்தார்.”